மணைப்பலகைப் போர்

போரைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு பெண் மலையடிவாரத்தில் இருந்தார். பெயர் குமராயி. அவர் தம் வாழ்நாளில் ஒரு போரைக்கூடப் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. வீட்டுக் கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பலகை கிடந்தது. அதில் களிமண் குன்றுகள் இருந்தன. சுண்ணாம்பால் வரைந்த ஆறுகள் இருந்தன. வெப்பாலை மரத்தில் செதுக்கிய, கட்டைவிரல் உயரச் சேவகர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். எல்லாம் குமராயியின் அப்பா செய்தது. சுற்றுப்பட்டுப் பாளையங்களின் படைத்தலைவர்கள் அந்தக் கூடத்தில் வந்து தோற்றுத் தோற்றுத்தான் போரைக் கற்றார்கள். ஜெயித்துக் கற்றவர் ஒருவரும் இல்லை.

அவர்களில் மூத்தவர் நாட்ராயன். வேலமங்கலம் பாளையத்துத் தளபதி. நரைத்த மீசை, வலிக்கும் முழங்கால். குமராயி அவருக்கு மகள் வயது. ஆனாலும் வாசலில் செருப்பை விட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் ஊர் சிரித்தது. தளபதி போன இடமெல்லாம் ஜெயித்து வந்ததைப் பார்த்தபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

ஒரு காலையில் நாட்ராயன் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"குருவே, ஒரு சந்தேகமுங்க."

"முழங்கால் எப்படி இருக்குது?"

"அது கெடக்குதுங்க. இத்தாப் பெரிய பலகைய ஒரு சின்னக் குழந்தைக்குள்ள எப்படீங்க அடைக்கறது?"

குமராயி கையிலிருந்த செதுக்குளியைக் கீழே வைத்தார்.

"எந்தக் குழந்தைக்குள்ள?"

"எங்க அம்மணிக்குள்ளீங்க."

வேலமங்கலத்தை ஆண்ட பட்டக்காரர் கோடையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தார். ஆண் வாரிசு இல்லை. ஒன்பது வயது மகள் பவளாயி பட்டத்துப் பீடத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. அதே சமயத்தில்தான் மேற்கே இருந்த காரையூர்க்காரர்கள் ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைமடையை அடைத்துப்போட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடியது. வேலமங்கலத்து ஏரிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நாற்றங்கால்கள் கருக ஆரம்பித்தன.

படையெடுப்பது என்று, குழந்தைக்காகப் பாளையத்தை நடத்திவந்த பிரதானி முடிவு செய்துவிட்டார். பிரதானி கெட்டவர் அல்ல. கருகுகிற நாற்றைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர், அவ்வளவுதான். ஆனால் பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படை புறப்பட வேண்டுமானால் பட்டத்தில் இருப்பவர் தம் கையால் தளபதிக்கு வெற்றிலை கொடுக்க வேண்டும். எதற்காகக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போர் என்றால் என்னவென்றே அறியாத கை கொடுத்த வெற்றிலை செல்லாது.

"ஆடி நோம்பியன்னிக்குச் சபை கூடுதுங்க. அதுக்குள்ள அம்மணிக்குப் போர்னா என்னன்னு சொல்லிக் குடுக்கோணும்னு பிரதானி உத்தரவு போட்டுட்டாரு. வெத்தலைய வாங்கிக்கப் போறவன் நானு. என்ற பசங்க ரெண்டு பேருமே படையில இருக்கறாங்க. ஏனோதானோன்னு சொல்லிக் குடுத்துட்டு எப்படீங்க வாங்கறது?"

குமராயி சமையற்கட்டுக்குள் போனார். சாப்பிட உட்காருகிற மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு மணையின் நடுவே ஓர் ஆறு வரைந்தார். ஒரு களிமண் உருண்டையை அமுக்கி மேடு ஆக்கினார். ஒரு ஓரத்தில் நாலு சிவப்புச் சேவகர்கள், எதிர் ஓரத்தில் நாலு கறுப்புச் சேவகர்கள். பக்கத்தில் ஒரு பிடி சோழி.

"ஒரு தடவைக்கு ஒரு ஆள நாலு விரக்கடை நகத்தலாம். எதிராளி பக்கத்துல வந்தா ரெண்டு பேரும் சோழி போடோணும். யாருக்கு அதிகமா மல்லாந்து விழுந்துச்சோ அவங்க ஆளு நிப்பான், மத்தவன் விழுவான்."

நாட்ராயன் காத்திருந்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"மத்த விதியெல்லாமுங்க? உங்ககிட்ட நான் வருசக்கணக்கா முட்டிக்கிட்டுப் படிச்சதெல்லாம்?"

"அதையெல்லாம் அம்மணி கேக்கும்."

"கேக்கலீன்னா?"

"கேக்காத விதியச் சொல்லி என்ன பண்ணப் போறீங்க?"

நாட்ராயன் மணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். ஒரு பாளையத்தின் தளபதி மணைப்பலகையோடு தெருவில் நடப்பதைப் பார்த்த பெண்கள், எந்த வீட்டில் விருந்தோ என்று பேசிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

"குருவே, அம்மணி கேட்டுதுங்க!"

"என்ன கேட்டுது?"

"'மாமா, மேட்டுக்குப் பொறகால நிக்கறவன இவன் எப்படிப் பாப்பான்? பாக்காம எப்படி அடிப்பான்?'னு கேட்டுதுங்க."

"நீங்க அதைக் கேக்க எத்தனை நாளாச்சு?"

நாட்ராயன் மீசையைத் தடவினார். "நான் கேக்கவே இல்லீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"அப்ப அந்த விதிய அம்மணிக்குக் குடுத்துருங்க."

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. தண்ணிக்குள் நடக்கிறவனும் தரையில் நடக்கிறவனும் ஒரே வேகத்தில் போவார்களா என்று அம்மணி கேட்டாள். பக்கத்தில் நின்றவன் விழுந்தால் இவனுக்குப் பயம் வராதா என்று கேட்டாள். பயம் வந்தால் ஓடுவானா, ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று கேட்டாள். வெகு நேரம் விளையாடினால் எனக்குப் பசிக்கிறதே, இவர்களுக்குப் பசிக்காதா என்றும் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் பெரிய பலகையில் ஒரு விதி இருந்தது. குமராயி அதை எடுத்துக் கொடுப்பார். நாட்ராயன் அதை வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளை பலகாரம் வாங்கிப்போவது மாதிரி ஓடுவார்.

"நம்ம வாய்க்கா எங்கே?" என்று அம்மணி கேட்டபோது, நாட்ராயனே சுண்ணாம்பு தொட்டு மணையில் வாய்க்காலை வரைந்தார். தலைமடையை வரைந்தார். ஏரியையும் வரைந்தார். சிவப்பு வேலமங்கலம் ஆனது, கறுப்பு காரையூர் ஆனது. சிவப்புக்கு அம்மணி. கறுப்புக்கு நாட்ராயன்.

அரண்மனைப் பிள்ளைகளுக்கும் இது தொற்றிக்கொண்டது. சமையற்கட்டில் சாப்பிட உட்கார மணை கிடைக்கவில்லை. பந்திக்கு வந்தவர்கள் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். சேவகர்கள் போதாத இடத்தில் புளியங்கொட்டைகள் போருக்குப் போயின.

ஆடி பிறந்தது. நாட்ராயன் ஒரு நாள் வாடிய முகத்தோடு வந்தார்.

"குருவே, அம்மணி கேள்வி கேக்கறத நிறுத்திப்போட்டுதுங்க."

"விளையாடறதையுமா?"

"விளையாடுது. ஆனா கூப்பிட்டா வருது, நகத்தச் சொன்னா நகத்துது. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

"இதுவரைக்கும் யாரு அதிகமா ஜெயிச்சிருக்கறது?"

"எல்லா ஆட்டமும் அம்மணிதானுங்க."

"எல்லாமுமா?"

"பட்டத்துல இருக்கறவங்களச் சேவகன் ஜெயிக்கலாமுங்களா? அதெல்லாம் வழக்கம் இல்லீங்க. பிரதானியும் சொல்லியிருக்காரு. ஜெயிச்சாத்தான் அம்மணிக்குப் போர் மேல ஆசை வருமாம்."

குமராயி பெரிய பலகையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே உட்காரும்படி கை காட்டினார். இருவரும் ஆடினார்கள். நாட்ராயன் வழக்கம்போல மேற்குக் குன்றைப் பிடிக்கப் பார்த்தார். குமராயியின் சேவகர்கள் வழக்கத்துக்கு மாறாக விலகிப் போனார்கள். ஆற்றுத்துறை காவலில்லாமல் கிடந்தது. நாட்ராயன் கடந்தார். கோட்டை வாசல் வரை போனார். சோழி போட வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

வாழ்நாளில் முதல் தடவையாக நாட்ராயன் குருவை ஜெயித்திருந்தார்.

ஒரு நொடி அவர் நெஞ்சு விரிந்தது. அடுத்த நொடி முகம் கறுத்தது.

"நீங்க விட்டுக் குடுத்துட்டீங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"துறைய யாருங்க அப்படித் தொறந்து போடுவாங்க? கழுதை மேய்க்கறவனுக்குக்கூடத் தெரியுமுங்க." அவர் குரல் உயர்ந்தது. கோபம் என்று அவர் நினைத்தார். அது கோபம் அல்ல, வருத்தம். "என்னைய இவ்வளவு கேவலமாவா நெனைச்சீங்க?"

குமராயி சேவகர்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

"தோத்திருந்தாக்கூட இத்தனை வருத்தமில்லீங்க. அடுத்து ஆடவே மனசு வரலை."

"அம்மணிக்கு மட்டும் வருமா?"

நாட்ராயன் ஒரு சேவகனை எடுத்து அதன் தலையைத் தடவினார்.

"ஒம்பது வயசுங்க. அதுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் மெதுவாக.

"மேட்டுக்குப் பின்னால நிக்கறவன எப்படிப் பாப்பான்னு கேட்ட புள்ளைக்கு, முன்னால உக்காந்திருக்கற உங்களத் தெரியாதா?"

மறுநாள் நாட்ராயன் அம்மணியைத் தோற்கடித்தார். பிரதானி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்காமல், இரக்கம் காட்டாமல், குமராயியின் கூடத்தில் கற்றதையெல்லாம் காட்டி, சிவப்புச் சேவகர்கள் நாலு பேரையும் வீழ்த்தினார். கடைசி ஆள் விழுந்தபோது தளபதியின் கை வியர்த்திருந்தது. எத்தனையோ போர்களுக்குப் போய் வந்த கை அது.

பவளாயி மணையைப் பார்த்தாள். நாட்ராயனைப் பார்த்தாள். பிறகு மணையைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு ஓவென்று அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போனாள். கறுப்புச் சேவகன் ஒருவன் கிணற்றுக்குள் விழுந்தான். மறுநாள் வாளியில் வந்தான்.

"உமக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றார் பிரதானி. "நோம்பிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குது? இப்பப் போயி அம்மணியப் பயமுறுத்தி வச்சிருக்கீரு. அன்னிக்குச் சபையில வெத்தலை குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா, தளபதி வேலைய வேற யாராச்சும் பாக்க வேண்டியிருக்கும்."

நாட்ராயன் வீட்டுக்குப் போனார். சாப்பாடு இறங்கவில்லை. தான் செய்தது சரியா என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. குழந்தை அழுதது மட்டும் காதில் நின்றது.

காலையில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அம்மணி கூப்பிடுகிறாள்.

போனபோது மணை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. ஆற்றையும் வாய்க்காலையும் யாரோ புதிதாகக் கோணல்மாணலாக வரைந்திருந்தார்கள். பவளாயி அவளுடைய இடத்தில் இல்லை. அவருடைய இடத்தில், கறுப்புச் சேவகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, அது என்ற எடமுங்க."

"தெரியும். நீங்க அக்கட்டால உக்காருங்க. நேத்து நீங்க எங்கிருந்து பாத்து என்னைய ஜெயிச்சீங்கன்னு நான் பாக்கோணும்."

நாட்ராயன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். பவளாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மணையையே பார்த்தாள். வெகு நேரம் எதையும் நகர்த்தவில்லை. பிறகு வரைந்திருந்த தலைமடையின் மேல் விரலை வைத்தாள்.

"மாமா, இங்கதானே அடைச்சாங்க?"

"ஆமாங்க."

"அடைச்சா தண்ணி எங்கே போகும்?"

"திரும்ப ஆத்துக்கே போகுமுங்க. அப்படியே கீழ காட்டுக்குள்ள போயிரும்."

"இவங்க வயலுக்குப் போகாதா?"

"காரையூர் வயலெல்லாம் மேட்டுலீங்க. ஏறாது."

"அப்ப இவங்களுக்கு ஒரு சொட்டுக்கூடக் கெடைக்காதா?"

"கெடைக்காதுங்க."

"பின்ன எதுக்கு அடைச்சாங்க?"

நாட்ராயன் வாய்க்காலைப் பார்த்தார். அந்தத் தலைமடை வழியாக எத்தனையோ முறை குதிரையில் போயிருக்கிறார். எந்த மேட்டில் வில்லாளிகளை நிறுத்தலாம், எந்தப் பள்ளத்தில் குதிரைகளை மறைக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"குருவக் கேட்டுட்டு வாறேனுங்க அம்மணி" என்று எழுந்தார்.

குமராயி கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பெரிய பலகையைச் சுற்றி வந்தார். குன்றுகளின் மேலும் ஆறுகளின் மேலும் அவர் கண் போய்ப் போய் வந்தது. அப்பா செய்த பலகையில் எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர் போல இருந்தார்.

"எந்த விதீங்க குருவே?" என்றார் நாட்ராயன்.

"இதுல இல்லை."

"இல்லீங்களா?"

"இந்தப் பலகையில எதிராளி எப்படி அடிப்பான்னு இருக்குது. எப்ப அடிப்பான், எங்கே அடிப்பான்னு இருக்குது. அவன் ஏன் வந்தான்னு இல்லை. எனக்குத் தெரியலைங்க, தளபதி."

குருவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"நான் போயி அம்மணிகிட்ட என்னங்க சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

"அம்மணி அதோட விடாதுங்க. சபையிலயும் கேக்கும். படை மொத்தமும் நிக்கும். தளபதியே தெரியலைன்னு சொன்னா எவன் என் பின்னால வருவான்?"

"தெரியாம அவங்கள எங்கே கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

நாட்ராயன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டியிருந்தார். தெருமுனை வரை போனபின்தான் தெரிந்தது.

ஆடி நோம்பியன்று சபை கூடியது. கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் படை நின்றது. வரிசையின் நடுவில் நாட்ராயனின் மகன்கள் இருவரும் நின்றார்கள். இன்னொரு பக்கம் ஊர்ச் சனம் காய்ந்த நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. வெள்ளித் தட்டில் வெற்றிலையும் பாக்கும் வந்தன. பவளாயி பீடத்திலிருந்து குதித்து இறங்கினாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

நாட்ராயன் முன்னால் வந்து கை நீட்டினார்.

பவளாயி தட்டை நீட்டவில்லை.

"காரையூர்க்காரங்க எதுக்கு மடைய அடைச்சாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"திமிருங்க அம்மணி" என்றார் பிரதானி. "நம்ம பட்டக்காரர் போயிட்டாரு, கேக்க ஆளில்லைங்கற திமிரு."

"அவங்களே சொன்னாங்களா?"

"அதை வேற சொல்லோணுமுங்களா?"

பவளாயி நாட்ராயன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

பிரதானியின் பார்வை நாட்ராயனின் கழுத்தில் பட்டது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெற்றிலை கைக்கு வந்துவிடும். படை கிளம்பிவிடும். தளபதி வேலையும் தங்கிவிடும். நாட்ராயன் தன் படையைப் பார்த்தார். மகன்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலீங்க அம்மணி" என்றார்.

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ சிரித்தார்கள். நாட்ராயனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டு அவர் கைக்கு முன்னால் வந்தது.

"இந்தாங்க, புடிங்க" என்றாள் பவளாயி. "போயிக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

"அம்மணி, இது படைக்குக் குடுக்கற வெத்தலை..." என்று பிரதானி முன்னால் வந்தார்.

அதற்குள் நாட்ராயன் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொடுத்த கைக்கு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தது. வாங்கிய கைக்கும் தெரிந்திருந்தது. வழக்கப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது. பிரதானியால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நாட்ராயன் தனியாகப் போனார். குதிரையில் போனார், வாளில்லாமல் போனார். போகும் வழியெல்லாம் அவருக்குப் பயமாக இருந்தது. படையோடு போனபோதெல்லாம் இந்தப் பயம் இருந்ததில்லை.

காரையூர்ப் பட்டக்காரர் அவரை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார்.

"மடைய எதுக்குங்க அடைச்சீங்க?" என்றார் நாட்ராயன்.

காரையூரார் அவரை வினோதமாகப் பார்த்தார்.

"உங்க பட்டக்காரர்தானப்பா அடைக்கச் சொன்னாரு."

"எங்களவருங்களா?"

"கோடையில கோயில் தேருக்கு வந்திருந்தாரு. ஏரிக்கரை விரிசல் விட்டிருக்குது, இந்த வருசம் தண்ணி வந்தா ஊர் தாங்காது, கரைய அடைச்சு முடிக்கற வரைக்கும் மடையப் பூட்டி வைப்பா, முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்னாரு. என் கையப் புடிச்சுச் சொன்னாரு. அப்பறம் மனுசன் போயிட்டாரு."

நாட்ராயன் நின்றபடியே இருந்தார். ஏரிக்கரையைக் கட்டி முடித்தது அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கட்டும்வரை மடையை மூடச் சொன்னது மட்டும் செத்துப்போனவரோடு போய்விட்டது.

"துக்கத்துக்கு வந்தப்பவே மடைய எப்பத் தொறக்கறதுன்னு கேக்க இருந்தேன்" என்றார் காரையூரார். "சிரிக்க வந்திருக்கறான்னு சொல்லி உங்க பிரதானி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. உங்க பட்டக்காரர் என்ற கூட்டாளிப்பா. ஒரு பிடி மண்ணுகூடப் போட முடியலை. சரி, சொல்லி அனுப்பட்டும்னு நானும் இருந்துட்டேன்."

அன்று பொழுது சாய்வதற்குள் மடை திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. பிரதானி காரையூருக்கு நடந்தே போனார். மன்னிப்புக் கேட்கப் போகும்போது பல்லக்கு ஆகாது என்று அவருக்கே தோன்றியிருந்தது. பவளாயி வெகு நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வேலை அது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுதாள். நாட்ராயன் பக்கத்திலேயே நின்றார்.

நடவு முடிந்த பிறகு ஒரு நாள் நாட்ராயன் குமராயியின் வீட்டுக்கு வந்தார். குமராயி பெரிய பலகையின் குன்றுகளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மணி எப்படி இருக்குது?"

"நேத்து என்னைய ஜெயிச்சுப்போட்டுதுங்க."

"விட்டுக் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. ராத்திரியெல்லாம் எப்படித் தோத்தேன்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன்."

குமராயி சிரித்தார். நாட்ராயன் சிரிக்கவில்லை. பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் முதன்முதலில் தோற்ற குன்று, முழங்காலை உடைத்துக்கொண்ட போருக்கு முன்னால் கற்ற ஆற்றுத்துறை, எல்லாம் அப்படியே இருந்தன.

"குருவே, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"உங்கப்பா மேட்டுக்கு விதி வச்சாரு. தண்ணிக்கு வச்சாரு. பசிக்கும் பயத்துக்கும்கூட வச்சாரு. ஒண்ணையும் அவர் விட்டவரில்லை. எதிராளி ஏன் வந்தான்னு கேக்கறதுக்கு மட்டும் எதுக்குங்க ஒரு விதி வைக்காம விட்டாரு?"

குமராயி தூசித் துணியை மடித்துக் கீழே வைத்தார்.

"எதிராளிகிட்டயே போயி அதைக் கேட்டுப் பாத்தவங்க யாரும் அப்பறம் இந்தப் பலகையில போர் கத்துக்க எங்கப்பாகிட்ட வரலைங்க, தளபதி."